வில்லங்கச் சான்றில் வராதவை

மூன்று வருடங்களுக்கு முன் தாம்பரத்துக்கு அப்பால் ஒரு ஃபிளாட் வாங்கப் போனபோது, பணம் இருக்கிறதா என்று வக்கீல் கேட்கவில்லை. “முப்பது வருஷத்துக்கு ஈசி போட்டு எடுத்துட்டு வாங்க சார், அப்புறம் பேசலாம்” என்றார். ஈசி என்றால் வில்லங்கச் சான்று. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், ஆவண எண், தேதி, கைமாற்றுத் தொகை. அவ்வளவுதான். முப்பது வருடத்தில் அந்த நிலத்தை ஒன்பது பேர் வாங்கி விற்றிருந்தார்கள். அதில் ஒருவர் வாங்கிய பதினோராவது மாதமே விற்றிருந்தார். ஏன் விற்றார்? மகள் கல்யாணமா, வைத்தியச் செலவா, சும்மா லாபத்துக்கா? தாளில் அதற்கு இடமில்லை. என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு, கமிட் லாக். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று தெரியும். ஏன் என்பதை எழுத வேண்டிய இடத்தில் பெரும்பாலும் ‘சரிசெய்தது’ என்று ஒரு வார்த்தை இருக்கும்.

அப்போது பிடித்த பழக்கம். எந்தப் பழைய வீட்டைப் பார்த்தாலும் மனதுக்குள் அதற்கு ஓர் ஈசி போட்டுப் பார்ப்பேன். அப்படிப் போட்டதிலேயே மோசமான ஈசி செக் நாட்டில், பிர்னோ நகரத்தில், செர்னோபோல்னி தெரு 45ஆம் எண் வீட்டுக்கு உரியது.

அலுவலகம் என்னை எட்டு மாதம் பிர்னோவுக்கு அனுப்பியிருந்தது. அங்கே போன முதல் வாரத்திலேயே “டூகெண்ட்ஹாட் வீட்டைப் பார்த்தாச்சா?” என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். பார்க்கலாமே என்று டிக்கெட் போடப் போனால் பல வாரங்களுக்கு இடமில்லை. தோட்டத்துக்கு மட்டும் தனியாக டிக்கெட் இருந்தது. ஆகவே முதலில் வீட்டை வெளியிலிருந்துதான் பார்த்தேன். தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. நம்மூர் தாலுகா ஆபீஸ்கூட அதைவிடக் கம்பீரமாக இருக்கும். வெள்ளையாக, தட்டையாக, ஒற்றை மாடிக் கட்டடம். தோட்டத்துக்கு இறங்கித் திரும்பிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். வீடு சரிவில் கீழ்நோக்கி மூன்று தளமாக இறங்குகிறது. தெருவில் தெரிவது மொட்டை மாடித் தளம் மட்டும். நடுத்தளம் முழுக்கக் கண்ணாடி. அன்றிரவு வீடியோ காலில் அம்மாவுக்குப் படம் காட்டினேன்.

“யாரு வீடுடா இது?”

அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அதற்கான பதில்தான்.

*

கதை மேல் வீட்டில் ஆரம்பிக்கவில்லை. அதே தோட்டத்தின் அடிவாரத்தில், லுஜான்கி பூங்காவைப் பார்த்தபடி ட்ரோப்னேஹோ தெருவில் இன்னொரு வீடு இருக்கிறது. மோரிட்ஸ் ஃபூர்மான் என்ற ஜவுளி ஆலைக்காரர் 1903-04இல் கட்டிய மாளிகை. வளைவும் பூவேலையுமாக அந்தக் காலத்து ஆர்ட் நூவோ பாணி. 1913இல் அதை வாங்கியவர் ஆல்ஃபிரெட் லோவ்-பேர். அவரும் ஜவுளிக்காரர்தான். பிர்னோவுக்கு அப்போது மொராவியாவின் மான்செஸ்டர் என்று பெயர். கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று படித்து வளர்ந்த எனக்கு, உலகத்தில் எத்தனை மான்செஸ்டர் என்று தோன்றியது. இந்த ஊர் மான்செஸ்டரின் ஆலைகள் பலவும் ஜெர்மன் பேசும் யூதக் குடும்பங்களின் கையில் இருந்தன. லோவ்-பேர், டூகெண்ட்ஹாட் இரண்டும் அப்படிப்பட்ட குடும்பங்கள்.

ஆல்ஃபிரெட்டின் மகள் கிரேட்டெ. முதல் கல்யாணம் முறிந்து, கையில் ஹன்னா என்ற பெண் குழந்தையோடு இருந்தவர், 1928இல் ஃப்ரிட்ஸ் டூகெண்ட்ஹாட்டை மணந்தார். அப்பா தன் தோட்டத்தின் மேல்பகுதியை மகளுக்குக் கொடுத்தார், வீடு கட்டும் செலவையும் ஏற்றுக்கொண்டார். நம்மூர் மொழியில் சொன்னால் சீர்.

கிரேட்டெ பெர்லினில் இருந்த நாட்களில் எட்வர்ட் ஃபுக்ஸ் என்ற கலை வரலாற்றாளரின் வீட்டுக்கு அடிக்கடி போவார். அந்த வீட்டை வடிவமைத்தவர் யார் என்று விசாரித்தபோது கிடைத்த பெயர் மீஸ் வான் டெர் ரோஹெ. அப்போது மீஸுக்கு நாற்பது வயது கடந்திருந்தது. கிரேட்டெக்குப் பிடித்தது எளிய, தெளிவான, விசாலமான இடம். ஃப்ரிட்ஸுக்கோ சிறு வயதில் பார்த்த, பொம்மைகளும் லேஸ் துணிகளும் அடைத்த அறைகள் என்றாலே பயம். இருவரும் மீஸிடம் போனார்கள்.

1928 டிசம்பர் 31 அன்று பெர்லினில் மீஸ் திட்டப்படத்தைக் காட்டினார். நண்பர்களோடு புத்தாண்டு கொண்டாடுவதாக இருந்த தம்பதி, நள்ளிரவு தாண்டி ஒரு மணி வரை அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். படத்தில் பெரிய ஓர் அறை. அதில் ஒரு நேர்ச்சுவர், ஓர் அரைவட்டச் சுவர். இங்கேயும் அங்கேயும் சின்னச் சின்னக் கூட்டல் குறிகள். இவை என்ன என்று கேட்டார்கள். கட்டடத்தைத் தாங்கும் இரும்புத் தூண்கள் என்றார் மீஸ். பின்னாளில் கிரேட்டெயே ஓர் உரையில் சொன்ன தகவல்கள் இவை.

கிரேட்டெ ஒன்றும் வாயடைத்து உட்கார்ந்திருக்கவில்லை. படுக்கையறைத் தளத்தில் தூண்கள் வெளியே நின்றால் இடித்துக்கொள்வோம், அவற்றைச் சுவருக்குள் மறைக்க வேண்டும், ஜன்னல்களுக்கு வெயில் மறைப்பு வேண்டும் என்று கேட்டார். மீஸ் ஒத்துக்கொண்டார். ஆனால் தரையிலிருந்து கூரை வரை போகும் கதவுகள் வளைந்துபோகும் என்று ஃப்ரிட்ஸ் சொன்னபோது மட்டும், அப்படியானால் நான் கட்டவில்லை என்று சொல்லிவிட்டார். சில கட்டிடக்கலைஞர்களும் சில சீனியர் ஆர்க்கிடெக்ட்களும் ஒரே ஜாதி போல. தொண்ணூறு சதம் விட்டுக்கொடுப்பார்கள், மீதிப் பத்துக்கு ராஜினாமாக் கடிதத்தைப் பையிலேயே வைத்திருப்பார்கள்.

1929 கோடையில் ஆரம்பித்து 1930 டிசம்பரில் வீடு முடிந்தது. உள்ளூரின் ஐஸ்லர் சகோதரர்கள் கட்டினார்கள். உள்ளலங்காரத்தில் மீஸோடு சரிக்குச் சரியாக உழைத்தவர் லில்லி ரைஷ். பட்டுத் திரை, வெல்வெட், நிறங்கள் பற்றிப் பேசும்போது அந்தப் பெண்மணியின் பெயரையும் சொல்லியாக வேண்டும். வழக்கமாகச் சொல்வதில்லை.

நடுத்தளத்தின் பெரிய அறையை நான் கடைசியில் உள்ளே போய்ப் பார்த்தபோது, எண்பது தொண்ணூறு வருடத்துக்கு முந்தையது என்று நம்புவதற்குச் சிரமமாக இருந்தது. குரோமியம் பூசிய கூட்டல்குறித் தூண்கள். அவைதான் பாரத்தைத் தாங்குகின்றன, சுவர்கள் சும்மா நிற்கின்றன. மொராக்கோவின் அட்லஸ் மலையிலிருந்து வந்த ஓனிக்ஸ் கல்லில் ஒரு சுவர். தேன் நிறத்தில் வெள்ளை வரி ஓடியிருக்கும். குளிர்காலத்தில் சாயும் சூரியன் பட்டால் கல்லின் மறுபக்கம் சிவந்து ஒளிரும். கட்டும்போது மீஸே இதை எதிர்பார்க்கவில்லை என்பார்கள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி அரைவட்டமாக மக்காசர் கருங்காலி மரச்சுவர். ஆளுயரத்தைவிடப் பெரிய கண்ணாடிகளில் இரண்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் கார் கண்ணாடி போலத் தரைக்குள் இறங்கிவிடும். அறையும் தோட்டமும் ஒன்றாகும். கீழ்த்தளத்தில் காற்றை வடிகட்டி, ஈரப்படுத்தி, சூடாக்கி மேலே அனுப்பும் இயந்திரங்கள். ஃபர் கோட்டுகளைப் பூச்சி அரிக்காமல் வைக்க ஒரு தனி அறை. ஃப்ரிட்ஸுக்குப் புகைப்படப் பைத்தியம் என்பதால் ஓர் இருட்டறை.

சமையல்காரர், தாதி, வேலைக்காரப் பெண்கள், டிரைவர் எல்லோருக்கும் வீட்டுக்குள்ளேயே இடம் இருந்தது. 1930 என்பது உலகமே வேலையில்லாமல் தெருவில் நின்ற காலம் என்பதையும் மறக்க முடியவில்லை. வழிகாட்டி கோட்டு அறையைக் காட்டியபோது என் கூட வந்த ஒரு பையன் சிரித்துவிட்டான். நானும்தான்.

*

வீடு முடிந்த மறுவருடமே சண்டை வந்தது. பெர்லினிலிருந்து வந்த ‘டி ஃபார்ம்’ என்ற இதழில் யுஸ்டுஸ் பியர் என்ற விமர்சகர், டூகெண்ட்ஹாட் வீட்டில் வாழ முடியுமா என்று தலைப்புப் போட்டு ஒரு கட்டுரை எழுதினார். இது கண்காட்சிக்குக் கட்டியது, குடும்பத்துக்கு இல்லை. ஒரு படம் மாட்ட முடியாது, ஒரு நாற்காலியை நகர்த்த முடியாது, இத்தனை ஆடம்பரத்துக்கு நடுவில் மனிதன் எப்படி இயல்பாக இருப்பான் என்பது அவர் வாதம். வாடகை வீடுகளில் ஆணி அடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வளர்ந்த எனக்கு அந்தக் கட்டுரையின் கோபம் அந்நியமாகப் படவில்லை.

ஆனால் பதில் சொன்னது மீஸ் அல்ல, குடியிருந்தவர்கள். கிரேட்டெயும் ஃப்ரிட்ஸும் தனித்தனியாக அந்த இதழுக்கு எழுதினார்கள். இந்த அறைகள் கண்டிப்பானவை, பெரியவை, ஆனால் அழுத்துவதில்லை, விடுவிக்கின்றன என்பது கிரேட்டெயின் கட்சி. ஒரு வெற்றிடத்தில் ஒரு பூவைத் தனியாகப் பார்ப்பதுபோல் மனிதர்களையும் இங்கே தெளிவாகப் பார்க்க முடிகிறது என்ற அர்த்தத்தில் எழுதினார். வீட்டுக்காரம்மாவே வந்து ‘எனக்குப் பிடிச்சிருக்கு, உங்களுக்கு என்ன?’ என்று கேட்ட மாதிரி.

யார் சொன்னது சரி? ஃப்ரிட்ஸ் எடுத்த படங்களைப் பார்த்தால் தெரியும் என்று நினைக்கிறேன். ஓனிக்ஸ் சுவருக்குப் பக்கத்தில், மொட்டை மாடியில், தோட்டத்துப் புல்லில் குழந்தைகள். 1930இல் பிறந்த எர்ன்ஸ்ட், 1933இல் பிறந்த ஹெர்பெர்ட், அக்கா ஹன்னா. மாடியில் மண்ணில் விளையாடுகிறார்கள், ஈரத் தலையோடு வெயிலில் நிற்கிறார்கள். உலகப் புகழ்பெற்ற கட்டடத்தின் படங்கள் என்ற எண்ணமே வராது. ஓர் அப்பா எடுத்த படங்கள், அவ்வளவுதான்.

அந்த வாழ்க்கை மொத்தம் எட்டு வருடம்கூட முழுசாக இல்லை.

1933க்குப் பிறகு ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த அகதிகளுக்கு உதவும் வேலையில் கிரேட்டெ இருந்தார். அதனால் என்ன வரப்போகிறது என்பது மற்றவர்களைவிட முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1938இல் குடும்பம் சுவிட்சர்லாந்துக்குப் போனது. 1941இல் அங்கிருந்து வெனிசுவேலா. 1939 மார்ச்சில் ஹிட்லரின் படை பிர்னோவுக்குள் வந்தது. கீழ் வீட்டு ஆல்ஃபிரெட் லோவ்-பேர் தப்பிப் போகும் வழியிலேயே அந்த வருடம் இறந்தார். மேற்கு எல்லைப் பக்கம் ரயில் பாதையோரம் கிடைத்தது அவர் உடல். குடும்பத்தின் ஆலைகள் பறிபோயின. அதில் ஒன்று பிர்னெனெட்ஸ் என்ற ஊரில் இருந்தது. 1944இல் ஓஸ்கர் ஷிண்ட்லர் தன் பட்டியலில் இருந்த யூதத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து காப்பாற்றி வைத்தது அந்த ஆலையில்தான். ஸ்பீல்பெர்க் படம் பார்த்த யாரும் அந்த இடத்தின் பழைய சொந்தக்காரர் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். நானும் கேட்டதில்லை.

*

இனி ஈசியின் அடுத்த வரிகள். 1939 அக்டோபரில் கெஸ்டாபோ வீட்டைப் பறிமுதல் செய்தது. 1942இல் நிலப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர் மாறியது: ஜெர்மன் ரைஷ். என்னை நிறுத்தியது இந்த இரண்டாவது வரிதான். வீட்டைப் பிடுங்கிக்கொண்ட அரசுக்கு அதற்குப் பிறகும் பதிவேட்டில் ஒரு வரி தேவைப்பட்டிருக்கிறது. துப்பாக்கியை வைத்து எடுத்ததை முத்திரை குத்திச் சுத்தமாக்கினார்கள். வருங்காலத்தில் ஒரு வக்கீல் முப்பது வருட ஈசி எடுத்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். வில்லங்கம் ஏதுமில்லை.

பிர்னோவில் இயங்கிய ஜெர்மன் விமான எஞ்சின் தொழிற்சாலையின் இயக்குநர் வால்டர் மெஸ்ஸர்ஷ்மிட் என்பவர் வாடகைக்கு வந்தார். போர் விமானங்களுக்குப் பெயர் கொடுத்த வில்லி மெஸ்ஸர்ஷ்மிட் வேறு ஆள். இரண்டு பேரையும் குழப்பிக்கொண்டு எழுதியவர்கள் நிறையப் பேர். புது ஆள் தன் ரசனைக்கு ஏற்பச் சில சுவர்களை எழுப்பினார். மக்காசர் கருங்காலிச் சுவர் இதற்கெல்லாம் முன்பே, 1940 வாக்கிலேயே, காணாமல் போயிருந்தது. அது எங்கே போனது என்பதைப் பிறகு சொல்கிறேன். 1944 நவம்பரில் பிர்னோ மீது குண்டு விழுந்தபோது பெரிய கண்ணாடிகளில் ஒன்றைத் தவிர எல்லாம் நொறுங்கின.

1945 ஏப்ரலில் சோவியத் படை வந்தது. குதிரைகளைப் பெரிய அறைக்குள் கட்டினார்கள். மரச்சாமான்கள் அடுப்புக்குப் போயின. ஓனிக்ஸ் சுவருக்கு முன்னால் ஒரு முழு மாட்டைச் சுட்டுத் தின்றார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. இந்த மாதிரிக் கதைகளில் மாடு எப்போதும் முழுசாகத்தான் இருக்கும். ஆனால் குதிரைகள் உண்மை.

போர் முடிந்த சில மாதங்களில் கர்லா ஹ்லாட்கா வந்தார். இசைப் பள்ளியில் ஆசிரியை. உடைந்த ஜன்னல்களும் குதிரைச் சாணமுமாகக் கிடந்த வீட்டில் தாள நடனப் பள்ளி ஒன்றை ஆரம்பித்தார். மீஸின் வெள்ளை லினோலியம் தரைக்கு மேல் மரத்தரை போடப்பட்டது. 1950 வரை அங்கே பிர்னோவின் பெண் குழந்தைகள் ஆடினார்கள். இந்த வீட்டைப் பற்றி எழுதப்பட்ட பெரிய புத்தகங்களில் அவருக்கு ஒரு பத்தி கிடைத்தால் பெரிது. எனக்கோ இந்த வரிசையில் வரும் ஆட்களில் ரொம்பப் பிடித்தவர் அவர்தான். தொழுவமாகிக் கிடந்த அறையைப் பார்த்து, இங்கே குழந்தைகள் ஆடலாம் என்று நினைக்க ஒரு தனி மனசு வேண்டும்.

1948இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள். சுவிட்சர்லாந்துக்கோ கராகஸுக்கோ வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சு அதோடு முடிந்தது. 1950இல் வீடு அரசின் கைக்கு வந்து, பிறகு குழந்தைகள் மருத்துவமனையின் ஒரு பிரிவானது. முதுகெலும்புக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு உடற்பயிற்சி. அந்தக் காலத்துப் படம் ஒன்று இருக்கிறது. பெரிய அறையில் சுவரோரம் பயிற்சிக் கம்பிகள், வெள்ளை ஜட்டி போட்ட பிள்ளைகள் வரிசையாக, பின்னால் ஓனிக்ஸ்.

எங்கள் டீமில் இருந்த செக் நண்பர் ஒருவர் என் மேசையில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “எங்க அம்மா இங்க போயிருக்காங்க” என்றார். சுற்றுலாவாகப் போயிருப்பார் என்று நினைத்தேன். “இல்ல, முதுகு வளைஞ்சிருந்துச்சு அவங்களுக்கு. சின்ன வயசுல வாரத்துல மூணு நாள் இங்கதான் பயிற்சி.”

அறுபதுகளின் நடுவில். அந்தம்மாவுக்கு அப்போது எட்டோ ஒன்பதோ.

*

அதே அறுபதுகளில்தான் ஃபிரான்டிசெக் கலிவோடா என்ற பிர்னோ கட்டிடக்கலைஞர் ஒரு காரியத்தில் இறங்கினார். வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று அதிகாரிகளுக்கு எழுதினார், கிரேட்டெக்கு எழுதினார், வெளிநாட்டுக் கட்டிடக்கலைஞர்களுக்கு எழுதினார். 1963இல் வீடு பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1967இல் கிரேட்டெ, ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து, தன் வீட்டுக்குள் வந்தார். சொந்தக்காரராக அல்ல, விருந்தாளியாக. 1969 ஜனவரி 17 அன்று பிர்னோவில் இந்த வீடு கட்டிய கதையைப் பற்றி உரையாற்றினார். புத்தாண்டு இரவும் கூட்டல் குறிகளும் கதவுச் சண்டையும் நமக்குத் தெரிவது அந்த உரையால்தான்.

தேதியைக் கவனியுங்கள். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் வந்து ஐந்து மாதம் ஆகிறது. அந்த உரைக்கு முந்தைய நாள், ஜனவரி 16, ப்ராக் நகரத்தில் யான் பலாக் என்ற இருபது வயது மாணவன் தன்மேல் தீ வைத்துக்கொண்டான். மறுநாள் அவன் மருத்துவமனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்க, பிர்னோவில் ஒரு கூட்டம் உட்கார்ந்து நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு வீட்டின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தது. இதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஃப்ரிட்ஸ் 1958லேயே போய்விட்டார். கிரேட்டெ 1970 டிசம்பரில் இறந்தார், கலிவோடா 1971இல். வீட்டுக்கு அதற்குப் பிறகும் பத்து வருடம் ஒன்றும் நடக்கவில்லை.

1980இல் பிர்னோ நகராட்சி கைக்கு வந்தது. 1981 முதல் 85 வரை முதல் புதுப்பிப்பு. நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் அவ்வளவு பெரிய ஒற்றைக் கண்ணாடியை நாட்டில் எந்தத் தொழிற்சாலையாலும் செய்ய முடியவில்லை. இரண்டு துண்டாகப் போட்டு சிலிகானால் ஒட்டினார்கள். குண்டுவீச்சிலும் தப்பித்த அந்த ஒரேயொரு பழைய கண்ணாடி இந்தப் புதுப்பிப்பில்தான் போனது. புரொடக்‌ஷனில் பல வருடம் தாக்குப்பிடித்த ஒன்று ‘அப்கிரேட்’ அன்று உடைவதை என் துறையில் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு நகராட்சியின் விருந்தினர் மாளிகை. 1992 ஆகஸ்ட் 26 அன்று செக் பிரதமர் வாட்ஸ்லாவ் கிளவுஸும் ஸ்லோவாக் பிரதமர் விளாடிமிர் மெச்சியாரும் இங்கே சந்தித்தார்கள். தோட்டத்தில் மரத்தடியில் நாற்காலி போட்டு இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் படம் பிரபலமானது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை பேசுவது மாதிரியே இருக்கும். பிரித்தது ஒரு நாட்டை. 1993 ஜனவரி 1 முதல் செக்கோஸ்லோவாக்கியா இல்லை. சொந்தக்காரர்களைத் தொலைத்த வீட்டில் ஒரு நாடு தன் சொத்தைப் பிரித்துக்கொண்டது.

*

1994இல் வீடு அருங்காட்சியகமாகத் திறந்தது. 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. வீட்டைத் திருப்பிக் கொடுப்பது?

கம்யூனிசம் விழுந்த பிறகு, 1991இல் வந்த சொத்து மீட்புச் சட்டம் ஒரு தேதியை வைத்துக்கொண்டது: 25 பிப்ரவரி 1948. அதற்குப் பிறகு அரசு பறித்தவை திரும்பும். அதற்கு முன்னால் போனவை வேறு கணக்கு. நாஜிகள் பறித்த யூதச் சொத்துக்களுக்கு 1994இல் ஒரு திருத்தம் வந்தது. ஆனாலும் செர்னோபோல்னி 45 நகராட்சியிடமே இருந்தது. ‘இஃப்’ கண்டிஷனில் ஒரு தேதியை மாற்றினால் வெளிவரும் பதிலே மாறும் என்பதை நாள் முழுக்கப் பார்ப்பவன் நான். ஒரு குடும்பத்தின் வீடு அப்படி ஒரு நிபந்தனையில் மாட்டிக்கொள்ளும் என்று யோசித்ததில்லை.

வீட்டில் நின்றிருந்த லேம்ப்ரூக்கின் சிற்பம் ஒன்று ஊர்க் கலைக்கூடத்தில் இருந்தது. அது குடும்பத்துக்குத் திரும்பக் கிடைத்தது. ஏலத்தில் விற்றார்கள். ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அதில் முணுமுணுக்க ஒன்றும் தெரியவில்லை. தன் பொருளை விற்பவரிடம் ஏன் விற்றாய் என்று கேட்க யாருக்கு என்ன உரிமை? நகராட்சி புதுப்பிப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்ததில் பொறுமையிழந்து, 2007இல் வாரிசுகள் வீட்டையே திருப்பிக் கேட்டார்கள். கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் கதை நான் எதிர்பார்த்த மாதிரிப் போகவில்லை. கிரேட்டெயின் கடைசி மகள் டானியெலா ஹாம்மர்-டூகெண்ட்ஹாட், 1946இல் கராகஸில் பிறந்தவர். இந்த வீட்டில் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை. வியன்னாவில் கலை வரலாற்றாளர். அவர் கணவர் ஈவோ ஹாம்மர் பழைய கட்டடங்களின் சுவர்ப்பூச்சு, பரப்பு இவற்றைப் பாதுகாக்கும் நிபுணர். வீடு திரும்பக் கிடைக்காத பிறகும் இருவரும் விட்டுவிட்டுப் போகவில்லை. 2010 முதல் 2012 வரை நடந்த பெரிய புதுப்பிப்புக்கு ஆலோசனை சொன்ன சர்வதேச நிபுணர் குழுவுக்கு ஈவோ தலைவர். சுவரின் சுண்ணாம்பு நிறம் முதல் கதவின் மரப்பூச்சு வரை, 1930இல் எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவர உழைத்தார்கள். ஃப்ரிட்ஸின் குடும்பப் படங்கள் இப்போது சான்றாவணங்கள் ஆயின. தன் பெயர் பத்திரத்தில் இல்லாத வீட்டுக்கு அந்த மகள் செய்ததை நான் எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.

வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 2011இல், மிரோஸ்லாவ் அம்ப்ரோஸ் என்ற கலை வரலாற்றாளர் அந்தக் கருங்காலிச் சுவரைக் கண்டுபிடித்தார். போர்க்காலத்தில் பிர்னோவின் பல்கலைக்கழகச் சட்டத்துறைக் கட்டடத்தில்தான் கெஸ்டாபோ தலைமையகம் இருந்தது. மரச்சுவரைப் பெயர்த்துக்கொண்டு போய், நறுக்கி, அங்கே ஓர் அறையின் சுவரில் பலகையாக அடித்திருந்தார்கள். போர் முடிந்து பல்கலைக்கழகம் திரும்பி வந்தது, அறை மாணவர் உணவகமானது. சட்டம் படிக்கும் மாணவர்கள் திருட்டுப்போன சொத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். இதை ஒரு கதையில் எழுதினால் ஓவராக இருக்கிறது என்று ஆசிரியர் வெட்டிவிடுவார். அந்தப் பலகைகள் வீட்டுக்குத் திரும்பி வந்து, அரைவட்டமாகச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி மறுபடி நிற்கின்றன. மொத்தக் கதையிலும் போன இடத்துக்கே திரும்பி வந்தது அது ஒன்றுதான்.

கீழ் வீடும் பிழைத்தது. பல வருடம் மாணவர் விடுதியாக இருந்து, பிறகு பழுதுபார்க்கப்பட்டு அருங்காட்சியகமாகிவிட்டது. இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே மறுபடியும் நடந்து போகலாம். பேரக் குழந்தைகள் தாத்தா வீட்டுக்கு இறங்கி ஓடிய அதே சரிவு.

*

எனக்கு உள்ளே போக டிக்கெட் கிடைத்தது ஆறாவது மாதத்தில். ஒன்று கூடுதலாகக் கிடைத்ததால் நண்பரின் அம்மாவைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டேன். அவர் உடனே சரி என்றார், அம்மாதான் இரண்டு நாள் யோசித்தாராம்.

எழுபதை நெருங்கும் வயது. முதுகு நேராக இருந்தது. நான் பார்த்ததைக் கவனித்துவிட்டு, செக் மொழியில் மகனிடம் ஏதோ சொன்னார். மகன் மொழிபெயர்த்தார்: “கம்யூனிஸ்டுகள் ஒண்ணாவது ஒழுங்கா செஞ்சாங்கன்னு சொல்றாங்க.”

துணிச் செருப்புறை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். மீஸ், 1930, டூகெண்ட்ஹாட் குடும்பம் என்று வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் பளபளப்பாக, படங்களில் பார்த்த மாதிரியே இருந்தது. அந்தம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு வழிகாட்டியிடம் ஒன்று கேட்டார். வழிகாட்டியும் செக்கில் பதில் சொன்னார். எனக்குக் கம்பி என்று மட்டும் சைகையில் புரிந்தது. பயிற்சிக் கம்பிகள் எங்கே என்று கேட்டிருக்கிறார். அவையெல்லாம் எப்போதோ எடுத்தாயிற்று, வீடு இப்போது 1930இல் இருந்த நிலையில் இருக்கிறது என்பது பதில்.

சரியான பதில்தான். ஒரு வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்றால் எந்தத் தேதியின் நிலை என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பறிக்கப்பட்டவர்களின் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு தேதி நியாயமாக இருந்திருக்காது. ஆனால் அந்தத் தேதிக்குப் போனதில் ஹ்லாட்காவின் மரத்தரை போனது, முதுகு வளைந்த பிள்ளைகள் தொங்கிய கம்பிகள் போயின. எட்டு வருடம் மீண்டது, முப்பது வருடம் அழிந்தது. அந்தக் குழந்தைகள் யாரிடமிருந்தும் எதையும் பறித்தவர்கள் இல்லையே.

ஓனிக்ஸ் சுவருக்கு முன்னால் அந்தம்மா நின்றார். அது அதே கல்தான், அசல், எங்கும் போகாதது. தொடக்கூடாது என்று பலகை இருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மகனிடம் மெதுவாக ஏதோ சொன்னார். வெளியே வந்த பிறகுதான் என்ன என்று கேட்டேன்.

“கோடையில பயிற்சி முடிஞ்சதும் எல்லாரும் ஓடிப்போய் அந்தச் சுவத்துல கன்னத்த வெச்சு நிப்பாங்களாம். ஜில்லுனு இருக்குமாம். டீச்சர் திட்டுவாங்களாம்.”

அன்றிரவு அம்மாவுக்கு போன் செய்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டதாகச் சொன்னேன். மறுபடியும் அதே கேள்விதான் கேட்டார், யாரு வீடுன்னு சொன்னே என்று. முதலில் கீழ் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். ஹ்லாட்கா வரை வந்தபோது ஊரில் மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. “மீதிய நாளைக்கு சொல்லுப்பா” என்று அம்மா தூங்கப் போய்விட்டார்.